பத்தொன்பது நாள் பதில் வராத காரணம்

இராஜபாளையம்,
26-11-1999, வெள்ளி.

அன்பு மகள் செல்லக்கனிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சௌகரியமாக இருக்கிறோம், நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்பதுதான் தெரியவில்லை. நலமறிய ஆவல் என்று இத்தனை வருடமாகக் கை தன்போக்கில் எழுதிவிடும், இந்தத் தடவை அப்படி எழுத முடியவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. என் கோபத்தையெல்லாம் பின்னால் சாவகாசமாகக் கொட்டுகிறேன், முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ நாலாம் தேதி அனுப்பிய ஈமெயிலை நாங்கள் படித்தது இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம். தீபாவளியன்று நீ போனில் கேட்டபோது படித்துவிட்டேன் என்று நான் சொன்னது பொய். படிக்காமலே சொன்னேன். அந்த வரனுக்குச் சரி சொல்லாதே. சொல்லியிருந்தாலும் பாதகமில்லை, அது செல்லாது. வேலை முடிந்துவிட்டதென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வா.

இதையே அன்றைக்கே கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பினேன், மறுநாளும் அனுப்பினேன், போய்விட்டது என்றுதான் திரையில் வந்தது, ஆனால் மூன்று நாளாக உன்னிடமிருந்து ஒரு எழுத்துக்கூட வரவில்லை. பதினைந்தாம் தேதிக்கு மேல் சிநேகிதி ஜெயபாய் வீட்டில் இருப்பேன் என்று விலாசம் எழுதிய மகராசி அவள் போன் நம்பரை எழுதினாயா, இல்லை. உன் பழைய நம்பருக்குப் போட்டால் ஒரு வெள்ளைக்காரி இந்த நம்பர் இப்போது இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள், அவளிடம் என்ன கேட்க முடியும். ஜெயபாய் வீட்டில் கம்ப்யூட்டர் உண்டோ என்னவோ, நீ ஈமெயிலைத் திறந்தே பார்க்கவில்லையோ என்னவோ என்று பயந்துதான் இந்தக் கடிதத்தை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். உன் அப்பா உடனே புறப்படு என்று தந்தி கொடுக்கப் போகிறேன் என்று செருப்பை மாட்டிவிட்டார். நான்தான் தடுத்தேன். உடனே புறப்படு என்று தந்தி வந்தால் யாரோ செத்துப்போனார்கள் என்றுதான் நம் ஊர்ப் பிள்ளை நினைக்கும், அந்த ஊரில் தனியாக உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரில் யார் என்று நீ அழுதுகொண்டிருப்பாய். அதனால் கடிதம். மாப்பிள்ளை வீட்டார் மார்கழி பிறப்பதற்குள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறார்களாமே, அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று தபால் ஆபீசில் விசாரித்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

பதில் வராவிட்டால் உங்களுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறாய். அப்படி எழுத உனக்கு எப்படி மனசு வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை, ஏனென்றால் தீபாவளியன்று நான் பேசிய பேச்சை நினைத்தால் எனக்கே என் வாயில் ஒன்று போடலாம் போல இருக்கிறது. ஆனால் பத்தொன்பது நாள் நாங்கள் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தினால் அல்ல, வருத்தத்தினாலும் அல்ல, ஒயரினால். நீ நம்பமாட்டாய், அம்மா சாக்குச் சொல்கிறாள் என்பாய், அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஐப்பசி மழை இந்த வருடம் விடாமல் கொட்டியது. மூன்றாம் தேதி காலையில் ரிசீவரை எடுத்தால் போனில் மூச்சே இல்லை. போன் கெட்டுவிட்டது என்று சொல்வதற்கும் போன் பண்ணத்தான் சொல்கிறார்கள். உன் அப்பாவுக்குத் தீபாவளி வியாபாரம், விடிந்ததும் சாப்பிட்டும் சாப்பிடாமலும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடித்துப் பாத்திரக்கடைக்கு ஓடினால் இருட்டித்தான் வருவார், அவரிடம் எதுவும் சொல்ல முடியாது. நானே குடையைப் பிடித்துக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்கு நடந்தேன். அங்கே ஒருவர், சோழபுரம் பக்கம் நாலு கம்பம் சாஞ்சு கெடக்கும்மா, லைன்மேன் சிவனாண்டி அங்கதான் நிக்கான், அது முடிஞ்ச பொறவுதான் உங்க தெரு என்றார். சரி என்று வந்துவிட்டேன். போன் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதில் உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன் பார், அம்புட்டு அறிவு எனக்கு. கம்ப்யூட்டரும் அதே போன் ஒயரில்தான் போகிறது என்பது அது 680 என்று ஒரு நம்பரைக் காட்டி டயல் டோன் இல்லை என்று சொன்ன பிறகுதான் மண்டையில் உறைத்தது.

அப்புறம் தீபாவளி. நம் வீட்டுப் போன் கிடைக்காமல் நீ பக்கத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போன் செய்தாய். உன் சித்தி குருவம்மாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள், நான் மாவுக் கையோடு ஓடினேன். அந்த ஹாலில் அவளுடைய அண்ணன் தம்பி குடும்பமெல்லாம் புதுத்துணியோடு உட்கார்ந்திருக்கிறது, உன் சித்தப்பா போனுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். ஜூன் மாதம் நீ இந்தக் கம்ப்யூட்டரை வாங்கி வைத்ததிலிருந்து அவர் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று உனக்குத் தெரியும், மதினி, அதுக்கு மேல ஒரு பூஞ்சாடி வச்சா எடுப்பா இருக்கும் என்று போகும்போதும் வரும்போதும் ஒரு குத்து. அந்த நேரம் பார்த்து நீ ஈமெயில் பாத்தியாம்மா என்று கேட்கிறாய். அது நாலு நாளாகச் செத்துக் கிடக்கிறது என்று உன் சித்தப்பா தனுஷ்கோடி காதுபட நான் எப்படிச் சொல்ல. பாத்துட்டேன், எல்லாம் பாத்துட்டேன் என்றேன். அப்புறம், அப்ப நீ என்னம்மா சொல்ற என்று கேட்டாய். முந்தின வாரம் குளிருக்கு இரண்டு கோட்டு பார்த்து வைத்திருக்கிறேன், போட்டோ அனுப்புகிறேன், எது வாங்கட்டும் சொல் என்று நீ சொன்னதுதான் என் நினைவில் இருந்தது. அதனால், இன்னும் என்ன யோசனை, எங்க ரெண்டு பேருக்கும் சம்மதம், சட்டுன்னு முடிச்சுரு என்றேன். கோட்டைச் சொன்னேன், செல்லக்கனி. சத்தியமாகக் கோட்டைத்தான் சொன்னேன். சரிம்மா என்று சொல்லி நீ வைத்துவிட்டாய், குரல் இறங்கினது எனக்குக் கேட்டது, லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். வீறாப்புக்காக ஒரு பொய் சொல்லப்போய் என் பிள்ளை தலையில் கல்லைப் போட்டிருக்கிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும்.

பத்தாம் தேதி சிவனாண்டி வந்தான். தெருமுனைக் கம்பத்தில் இருக்கிற பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி ஒயரெல்லாம் பச்சைப் பாசி பிடித்திருந்ததாம், சுரண்டிவிட்டு வந்தான், போன் பேசியது. எனக்கு ஒரே சந்தோஷம். அவன் போன பிறகு கம்ப்யூட்டரைப் போட்டால் பழையபடி 680. போனில் டயல் டோன் ஊதுகிறது, கம்ப்யூட்டர் இல்லை என்று சாதிக்கிறது. நீ சுவரில் ஒட்டிவைத்துப் போயிருக்கிறாயே ஒரு தாள், அதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. முதலில் இதை அமுக்கு, பிறகு அதை அமுக்கு, சத்தம் வரும், பயப்படாதே என்று அழகாக எழுதியிருக்கிறாய். எல்லாம் ஒழுங்காக நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய பெண், ஒழுங்காக நடக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதக் கூடாதா. அமெரிக்காவில் அத்தனை கம்பெனிக்கும் இரண்டாயிரம் பிறந்து தேதி மாறும்போது என்ன கோளாறு வரும் என்று முன்கூட்டியே பார்த்துச் சரிசெய்யப் போனவள், அம்மா வீட்டில் என்ன கோளாறு வரும் என்று யோசிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, தூசி தட்டலாம் என்று மேஜையைச் சுவரைவிட்டு இழுத்தேன். பின்னால் ஒரு ஒயர் வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடக்கிறது. சிவனாண்டி சுவரிலிருந்து வருகிற ஒயரைக் கம்ப்யூட்டரிலிருந்து உருவி நேரே போனில் சொருகிப் பேசிப் பார்த்திருக்கிறான், பேசினதும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை, அவனுக்குத் தெரிந்தது போன். உன் அப்பா டார்ச் அடிக்க நான் மேஜைக்கு அடியில் நுழைந்தேன். பின்பக்கம் ஒரே மாதிரி இரண்டு துளை. உன் அப்பா மேலே நின்றுகொண்டு வலது துளை என்கிறார், அவருக்கு வலதா எனக்கு வலதா என்று கேட்டால் கோபம் வருகிறது. பாத்திரத்துக்கு மூடி போடுகிற மாதிரி எதில் பொருந்துதோ அதுல போட்டுப் பாரு என்கிறார், இரண்டிலும்தான் பொருந்துகிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் ஒன்றின் மேல் சுவர்ப் படமும் ஒன்றின் மேல் போன் படமும் நகத்தளவுக்குக் கீறியிருக்கிறது. சுவரைச் சுவரிலும் போனைப் போனிலும் மாட்டினேன். கம்ப்யூட்டர் டொய்ங் டொய்ங் என்று நம்பரைப் போட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதை நீ சிரிக்காமல் படி.

ஆனால் போட்ட நம்பரை எடுக்க ஆளில்லை. 678 என்று அடுத்த நம்பர் வந்தது, எதிர்க் கம்ப்யூட்டர் பதில் சொல்லவில்லையாம். மதுரையில் அந்த இன்டர்நெட் கம்பெனியையே மூடிவிட்டார்கள் போல என்று நினைத்தேன். மூன்று நாள் காலை ஒரு தடவை மத்தியானம் ஒரு தடவை போட்டுப் போட்டுப் பார்த்தேன். நாலாம் நாள்தான் கம்ப்யூட்டரை நம்பாமல் என் விரலாலேயே போனில் அந்த மதுரை நம்பரைச் சுழற்றினேன். ஒரு பெண் குரல், இந்தப் போனில் எஸ்டிடி வசதி பூட்டப்பட்டுள்ளது என்று நல்ல தமிழில் சொல்லியது. வெளியூர்ப் பேச்சை யார் பூட்டினது. கடைக்குப் போன் போட்டுக் கேட்டால் உன் அப்பா, ஆமா, நாந்தான் பூட்டினேன், பெட்டியில எவனாவது ஒயரைக் கோத்துப் பேசிருவான்னு சிவனாண்டி சொன்னான் என்கிறார், சோறு ஆயிருச்சா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாக. வீட்டில் ஒருத்தி மூன்று நாளாக அந்த மிஷினோடு மல்லுக்கட்டுவதைத் தினம் பார்த்துக்கொண்டுதானே சாப்பிட்டார். கேட்டால், நீ இன்டர்நெட்டுன்னுதான சொன்ன, எஸ்டிடின்னு சொல்லலையே என்று பதில். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் படுகிற பாட்டை நீ வந்தால்தான் சொல்ல முடியும்.

பூட்டைத் திறந்தோம். மதுரை எடுத்தது. கீச்சுக் கீச்சென்று அந்தச் சத்தமும் வந்தது. அந்த நேரம் உன் அப்பா வந்து பின்னால் நின்றார், அதுதான் வினை. திரையில் பாஸ்வேர்டு என்று போட்ட கட்டத்துக்குள் வரிசையாக நட்சத்திரம் நட்சத்திரமாக இருக்குமே, இது என்ன ஒரே நச்சத்திரமா இருக்கு, இதுதான் கோளாறு பண்ணுதோ என்னவோ, அழிச்சுப் பாரு என்றார். நானும் அழித்தேன். அந்த நட்சத்திரங்களுக்கு அடியில்தான் நீ போட்டுவைத்த வார்த்தை ஒளிந்திருந்தது என்று அழித்து ஓய்ந்த பிறகுதான் தெரிந்தது. 691 என்று வந்தது, பெயரோ பாஸ்வேர்டோ தப்பாம். நல்லவேளை, நீ புறப்படும்போது பாஸ்வேர்டு அப்பா பேருதாம்மா, எல்லாம் சின்ன எழுத்து, ஒண்ணாச் சேத்து அடிக்கணும் என்று சொன்னது நினைவிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணின கை, ஒரு பெயரை அடிக்க எவ்வளவு நேரமாகும். அடித்தேன். 691.

அப்போதுதான் யோசித்தேன், உன் அப்பா பெயரை இங்கிலீஷில் எப்படி எழுதுவது. அவர் கடைப் பலகையில் எஸ் ஓ யு. ரேஷன் கார்டில் எஸ் ஓ டபிள்யூ. ஓட்டுப்போடும் அட்டையில் எஸ் ஏ யு, அதைப் படித்தால் வேறு யாரோ போல இருக்கிறது. போன் பில்லில் நடுவில் டி, உன் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் டி ஹெச், எங்கள் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் கடைசியில் ஒய் சேர்த்திருக்கிறது. பீரோவில் இருந்த அத்தனை தாளையும் மெத்தையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்தேன். ஒரு மனிதர், அவருக்கு ஒரே பெயர், அதற்கு வீட்டில் ஒன்பது எழுத்துக்கூட்டல் இருக்கிறது, நீ வைத்தது அதில் ஒன்றும் இல்லை. பத்தாவதும் நானாக ஒன்று அடித்தேன், அதோடு அந்தக் கம்பெனி கதவைச் சாத்திவிட்டது, போன் போட்டுக் கேட்டால் புகார் எழுதிக் கொடுங்கள், நாங்களே ஒருமுறை போனில் கூப்பிடுவோம், அப்போது எடுக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து என்று சொல்லிவிட்டார்கள். பாஸ்வேர்டு வைக்கிறவள் சி ஏ டி கேட் என்று வைத்திருக்கக் கூடாதா.

அந்தப் போன் இருபத்துமூன்றாம் தேதி மத்தியானம் வந்தது. உன் அப்பா காலையிலேயே கூமாப்பட்டிக்கு ஒரு கருமாதிக்குப் போய்விட்டார். மெட்ராஸிலிருந்து ஒரு பெண், உன்னைவிட நாலு வயது குறைவாக இருக்கும், கணக்கு யார் பேர்ல இருக்கு மேடம் என்று கேட்டாள். எங்க வீட்டுக்காரவுக பேர்ல என்றேன். அவங்க பேர் சொல்லுங்க மேடம் என்றாள். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன், அடிக்கச் சொன்னால் பத்து தினுசில் அடிப்பேன், வாயால் சொன்னதில்லையே. உனக்குத் தெரியும், சுந்தரபாண்டியம் என்று ஊர் பெயரைக்கூட நான் சொல்லமாட்டேன், கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிறது என்று, வத்திராயிருப்புக்குப் பக்கத்து ஊர் என்றுதான் சொல்வேன். அழகுக்கு வடமொழியில ஒரு வார்த்தை சொல்லுவாக பாருங்க, அதோட மதுரையை ஆண்ட ராசாமாரைச் சேத்துக்கோங்க என்றேன். அவள், மேடம், க்விஸ் எல்லாம் வேண்டாம், பேர் சொன்னாத்தான் நான் மாத்த முடியும், வீட்ல வேற யாராவது இருந்தா சொல்லச் சொல்லுங்க என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிக் குருவம்மாளைக் கத்திக் கூப்பிட்டேன். அவள் ஓடிவந்து, விஷயத்தைக் கேட்டு, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, பெரியத்தான் பேரை நான் எப்பிடிக்கா சொல்ல என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். இவளைக் கூப்பிட்டேன் பார். அந்தப் பெண், மேடம், லைன் கட் பண்றேன், நீங்க மறுபடி புகார் பதிவு பண்ணிக்கோங்க என்றாள். எனக்கு எங்கிருந்து ஆத்திரம் வந்ததோ, சௌந்தரபாண்டியன் என்று கத்திவிட்டேன். முப்பத்தொரு வருசமாச் சொல்லாத பேரைச் சொல்லிட்டேன், இப்பமாவது திறப்பியளா என்று கேட்டேன். எதிர்வீட்டு ஜன்னலில் ஆள் வந்து பார்த்தது. அந்தப் பெண் ஒன்றும் பதறவில்லை. நன்றி மேடம், பிறந்த தேதி என்று கேட்டாள். புது பாஸ்வேர்டாக எண்ணாகவே வைக்கச் சொல்லிவிட்டேன், எண்ணுக்கு ஒரே எழுத்துக்கூட்டல்தான் உண்டு.

சாயங்காலம் நாலரை மணிக்கு உன் ஈமெயில் இறங்கியது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருக்கிறாய், கண்ணால் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை, வாய்விட்டுப் படித்தால்தான் புரிகிறது. அதனால் வாய்விட்டுத்தான் படித்தேன். தேதிக் கோளாறைச் சரிசெய்யத்தான் எங்களைக் கூட்டிவந்தார்கள், சரிசெய்து முடித்துவிட்டோம், டிசம்பரோடு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றும், வீசாவும் அதோடு போய்விடும் என்றும், அப்பா ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறார், நான் வெறுங்கையோடு வந்து நின்றால் அவருக்குத் தலைகுனிவு என்றும், சித்தப்பா சொன்ன சிகாகோ மாப்பிள்ளைக்குச் சரி சொன்னால் இங்கேயே இருந்துவிடலாம், எனக்கு அவரைப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். கடைசியில், வரலாமா, வேண்டாமா என்று ஒரு வரி. தீபாவளியன்று நீ என்ன கேட்டாய், நான் எதற்குச் சம்மதம் சொன்னேன் என்பது அந்த நிமிஷம்தான் புரிந்தது. நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். மூன்று வாரமாக ஒயரையும் பூட்டையும் நட்சத்திரத்தையும் திட்டிக்கொண்டிருந்தேன், உள்ளே என் பிள்ளை நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

உன் அப்பா ஐந்தரைக்கு வந்தார். வாசலிலேயே குருவம்மாள் சொல்லிவிட்டாள் போல, பேரைச் சொல்லிட்டியாமே, எனக்கு ஒண்ணும் ஆகலையே, நல்லாத்தான இருக்கேன் என்று கேலியாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்திவிட்டார். அவருக்கும் படித்துக் காட்டினேன். அப்பாவுக்குத் தலைகுனிவு என்ற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். உன்னைப் பற்றி அவர் பெருமை பேசியது உண்மைதான், ஒரு குடம் வாங்க வந்தவளைக்கூட விடாமல் என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள் என்று சொல்லித்தான் அனுப்புவார், நானே எத்தனை தடவை சடைத்திருக்கிறேன். படித்து முடித்ததும் கருமாதிக்குப் போன சட்டையோடேயே சித்தப்பா வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். தம்பி, அந்தச் சிகாகோக்காரவுகளுக்கு வேண்டாம்னு சொல்லிரு என்றார். சித்தப்பா, ஏன் அண்ணாச்சி, செல்லக்கனி வேலையும் போச்சுங்காக, நல்ல இடம், ஊரு என்ன சொல்லும் என்று ஆரம்பித்தார். பிள்ளை வேலைக்குத்தான போச்சு, வேலை முடிஞ்சது, வீட்டுக்கு வருது, இதுல ஊரு சொல்ல என்ன இருக்கு, கேக்கிறவுகளை என் கடைக்கு வந்து எங்கிட்ட கேக்கச் சொல்லு என்றார். அவ்வளவுதான், திரும்பி வந்து குளிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து சித்தப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை, குருவம்மாள் மட்டும் சுவர் வழியே குழம்பு கொடுக்கிறாள்.

ஆகவே இந்தப் பக்கம் முடிந்துவிட்டது. நீ அங்கே அவர்களிடம் சரி என்று சொல்லிவிட்டிருந்தால் அம்மாவும் அப்பாவும் ஒத்துக்கொள்ளவில்லை என்று எங்கள் மேல் பழியைப் போட்டுவிடு, உனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தால் அவர்கள் நம்பரை எழுது, நான் பேசிக்கொள்கிறேன். பிடிக்காத ஆளோடு குடித்தனம் நடத்தித்தான் எங்கள் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது, நானா, அப்பாவா. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீயே எங்கள் பதிலையும் சேர்த்து எழுதிக்கொண்டாய், அதில்தான் எனக்குக் கோபம். மற்றபடி உன் மேல் கோபமில்லை. சரியாகச் சாப்பிடுகிறாயா இல்லையா என்றுதான் கவலை. ஜெயபாய் நல்ல பெண், அவளுக்கு என் அன்பைச் சொல், அவள் அம்மா கிருபாபாயைப் போன வாரம் கடைவீதியில் பார்த்தேன், மகள் வீட்டில் நீ இருப்பது அவளுக்குத் தெரியும் போல, எனக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்ளாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். நேற்று அவளிடம் ஜெயபாய் நம்பரைக் கேட்கப் போனால் வீடு பூட்டிக் கிடக்கிறது, ஊருக்குப் போயிருக்கிறாளாம்.

சர்டிபிகேட்டையும் பாஸ்போர்ட்டையும் பெட்டியில் போடாதே, கையோடு வைத்துக்கொள். யாருக்கும் எதுவும் வாங்கி வராதே, சோப்பும் சாக்லேட்டும் இங்கேயே கிடைக்கிறது. கோட்டு வாங்காமல் இருந்தால் வாங்கிப் போட்டுக்கொண்டு வா, விமானத்தில் குளிரும். தினமும் காலையில் ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்க்கிறேன், இப்போது எனக்கு எல்லா நம்பரும் அத்துப்படி. எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் நீ ஏறுகிற வண்டியிலும் இறங்குகிற இடத்திலும் உன்னோடு இருக்கும். எந்தத் தேதி, மதுரைக்கு எத்தனை மணி என்று ஒரு வரி எழுது, அப்பா கார் பிடித்துக்கொண்டு வருவார். பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் வந்து நின்று உள்ளே வரலாமா என்று நீ என்றைக்காவது கேட்டிருக்கிறாயா. உன் வீட்டுக்கு வர வரலாமா என்று மட்டும் இன்னொரு தடவை என்னிடம் கேட்காதே.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற
பரிபூரணம்